வெளிநாட்டில் ஒரு வங்கிக் கணக்கு: ரங்கூன் முதல் சூரிச் வரை

"ஸ்விஸ் பேங்க்" என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம் ஊரில் இருக்க முடியாது. தேர்தல் வந்தால் மேடைக்கு மேடை பேசுவார்கள். சினிமாவில் வில்லன் கையில் ஒரு சூட்கேஸ், ஒரு ரகசிய எண்... அவ்வளவுதான், பணம் பத்திரம்! டீக்கடையில் கேட்டாலும் அதே கதைதான். பணக்காரன் வெளிநாட்டில் கணக்கு திறந்துவிட்டால் அதை எந்தக் கொம்பனாலும் தொட முடியாது என்று ஒரு நம்பிக்கை.

இது உண்மையா? கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது.

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். மரச்சிற்பத்துக்குப் பெயர்போன ஊர். 2020இல் அந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போனவர்கள் நிறைய பேர். அப்படி துபாயில் கம்பி கட்டுகிற ஒருவர், சொந்த ஊர் வங்கியில் என்.ஆர்.ஐ. கணக்கு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், சென்னையில் பங்களாவும் ஜெனீவாவில் கோடிகளும் வைத்திருக்கும் ஒரு தொழிலதிபர். இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் வங்கிச் சட்டத்தின் கண்ணில் இருவரும் ஒரே ஜாதி: பணம் இருக்கும் நாட்டில் குடியிருக்காதவர்கள். அதாவது நான்-ரெசிடென்ட்.

ஆள் ஒரு நாட்டில், பணம் ஒரு நாட்டில். அப்படியானால் அந்தப் பணத்துக்கு யார் காவல்? இந்தக் கேள்விக்கு விடை தேட சூரிச் வரை போக வேண்டியதில்லை. முதலில் காரைக்குடிக்குப் போனாலே போதும்.

கொண்டு விற்கப் போனவர்கள்

வெளிநாட்டில் பெரும் பணம் வைத்திருந்த தமிழர்கள் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள்தான். இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் என்று கடல் தாண்டிப் போய் வட்டித் தொழில் செய்தவர்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. ஐராவதி டெல்டாவில் காடு வெட்டிக் கழனியாக்க விவசாயிக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அந்தச் சின்ன விவசாயியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் நுழைந்தவர்கள்தான் செட்டியார்கள்.

அவர்களுடைய ஏற்பாடு அருமையானது. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். ரங்கூனில் கிட்டங்கி இருக்கும். அதில் ஏஜெண்டு, அவருக்கு உதவியாட்கள், எடுபிடி வேலைக்குப் பையன்கள். ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்று வருஷம் கணக்கு. முடிந்ததும் ஊருக்கு வந்து கணக்கை ஒப்படைக்க வேண்டும். கடைக்குப் பெயர் கிடையாது, விலாசம்தான். குடும்பத்தின் தலையெழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். அந்த நாலு எழுத்துதான் இன்றைய பாஷையில் சொன்னால் பிராண்ட். வட்டி விகிதத்தைக் கோயிலில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். அதற்கு நடப்பு வட்டி என்று பெயர். பணத்தை ஊர் விட்டு ஊர் மாற்ற உண்டியல் இருந்தது. ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், ரங்கூனில் கட்டிய பணம் மதுரையில் கிடைத்துவிடும். இன்றைய டிமாண்ட் டிராஃப்டின் தாத்தா!

1929-30இல் பர்மாவில் ஒரு வங்கி விசாரணைக் குழு உட்கார்ந்து கணக்குப் போட்டது. பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள், அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி!

இந்தப் பணமெல்லாம் வெளிநாட்டில் இருக்கிறது என்று அன்று யாரும் நினைக்கவில்லை என்பதுதான் முக்கியம். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரூபாய்தான் நாணயம். ஒரே சர்க்கார், ஒரே சட்டம். காரைக்குடியிலிருந்து ரங்கூனுக்குப் போவது தூரப் பயணம்தானே தவிர, அந்நிய தேசப் பயணம் கிடையாது.

1937 பிப்ரவரி 10

அந்த நிலைமை மாறப்போகிறது என்று புரிந்துகொண்டவர்களில் ஒருவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அவர் தொடங்கியதுதான் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். அடுத்து பினாங்கு. பெயரிலேயே ஓவர்சீஸ் இருப்பதைக் கவனியுங்கள். அந்நியச் செலாவணி வேலையை நம்மவர்களே செய்ய வேண்டும் என்பதுதான் அந்த வங்கியின் நோக்கம்.

தேதியை இன்னொரு முறை பாருங்கள். அதே 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. ஐம்பது நாள்தான் இடைவெளி! ஒரு கையெழுத்தில் ரங்கூன் செட்டியார் வேறொரு நாட்டில் பணம் வைத்திருப்பவராக ஆகிவிட்டார். அவர் எங்கும் நகரவில்லை. பணமும் நகரவில்லை. எல்லைக்கோடுதான் நகர்ந்தது.

இதற்குள் இன்னொரு சங்கடமும் வளர்ந்திருந்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரச் சரிவில் அரிசி விலை சரிந்தது. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்து விழுந்தன. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 சதவீதம்!

படிக்கும்போது லாபம் மாதிரி தெரியும். ஆனால் வணிகவியல் படிக்கும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், இது லிக்விடிட்டி போன கதை. வட்டிக்கடைக்காரருக்கு வேண்டியது காசு. வயலைத் தூக்கிக்கொண்டு கப்பலேற முடியுமா? இன்னொரு பக்கம், நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கண்ணில் செட்டியார்தான் நிலத்தைப் பிடுங்கியவர். அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. தாத்தா காலத்திலிருந்து உழுத வயலில் அவன் குத்தகைக்காரனாக நின்றான். 1938இல் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகப் பெரிய கலவரம் வெடித்தது.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 1941 டிசம்பர் 23இல் ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடு மலை தாண்டி நடந்தே இந்தியா வந்தார்கள். வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 1948இல் பர்மா சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. 1962இல் நே வின் ராணுவ ஆட்சி. 1963 பிப்ரவரியில் வங்கிகள் எல்லாம் அரசுடைமை. இந்தியன் ஓவர்சீஸ் பேங்கின் ரங்கூன் கிளையும் அதில் போனது. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மிச்சம் மீதி கையில் இருந்ததும் போச்சு.

சிதம்பரம் செட்டியார் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1954 மார்ச்சில் சிங்கப்பூர் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் அவர் இறந்துவிட்டார். பர்மாத் தேக்கில் இழைத்த செட்டிநாட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. ரங்கூனில் இருந்த பணம் எங்கே? தேக்கு மரமாக ஊர் வந்து சேர்ந்ததுதான் மிச்சம் என்று சொன்னாலும் தப்பில்லை.

சூரிச் கதை

"அது பர்மா. ஸ்விட்சர்லாந்து அப்படியா? அங்கே சட்டம் இருக்கிறதே!" என்று கேட்கத் தோன்றும். சரி, அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பார்க்கலாம்.

ஸ்விஸ் வங்கி ரகசியத்துக்குப் பின்னால் ஒரு அழகான கதை சொல்வார்கள். ஹிட்லரிடமிருந்து யூதர்களின் பணத்தைக் காப்பாற்றத்தான் அந்த ரகசியச் சட்டம் வந்தது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. 1932 அக்டோபரில் பாரிஸ் போலீஸ் ஒரு சோதனை போட்டது. பாஸ்லர் ஹாண்டல்ஸ்பாங்க் என்ற ஸ்விஸ் வங்கியின் ஆட்கள் பிடிபட்டார்கள். அவர்களிடம் வரி ஏய்ப்பு செய்த பிரெஞ்சுப் பணக்காரர்களின் பட்டியல் சிக்கியது. செனட்டர்கள், தளபதிகள், பிஷப்புகள் என்று பெரிய பெரிய தலைகள்! பிரான்சில் ஒரே ரகளை. அதே சமயத்தில் ஸ்விஸ் வங்கிகள் சிலவும் நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்தன. இந்தச் சூழலில்தான் 1934 நவம்பர் 8இல் ஸ்விஸ் வங்கிச் சட்டம் நிறைவேறியது. அதன் 47ஆம் பிரிவு, வாடிக்கையாளர் விவரத்தை வெளியே சொல்வதைக் கிரிமினல் குற்றமாக்கியது. சொன்ன வங்கி ஊழியர் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் புகழ்பெற்ற எண் கணக்கு என்றால் என்ன? பெயருக்குப் பதில் எண். ஆனால் வங்கிக்கே யார் என்று தெரியாது என்பது சினிமா. வங்கியில் இரண்டு மூன்று பேருக்குப் பெயர் தெரியும், மற்ற ஊழியர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஸ்டேட்மெண்டைத் தபாலில் அனுப்பாமல் வங்கியிலேயே வைத்திருப்பதும் உண்டு. வாடிக்கையாளர் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் வந்து பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாம். வீட்டில் மனைவி மக்களுக்குக்கூடத் தெரியாது.

இங்கேதான் வில்லங்கம் ஆரம்பம்.

வாரிசு யார்?

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஐரோப்பிய யூதர்கள் பலர் உண்மையிலேயே ஸ்விஸ் வங்கிகளில் பணம் போட்டிருந்தார்கள். போட்டவர்களில் பலர் நாஜி முகாம்களில் கொல்லப்பட்டார்கள். போர் முடிந்து அவர்கள் பிள்ளைகள் வங்கி வாசலில் போய் நின்றார்கள். வங்கிகள் கேட்டது என்ன தெரியுமா? கணக்கு எண், ஆவணங்கள், இறப்புச் சான்றிதழ்! ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றவர்கள் இறப்புச் சான்றிதழா கொடுத்தார்கள்?

எந்த ரகசியம் அப்பாவின் பணத்தைக் காப்பாற்றும் என்று நினைத்தார்களோ, அதே ரகசியம் பிள்ளைகளிடமிருந்து பணத்தை மறைத்தது. 50 வருஷம் இப்படியே ஓடியது. 1997 ஜனவரியில் கிறிஸ்டோஃப் மெய்லி என்ற இரவுக் காவலாளி, சூரிச்சில் ஒரு பெரிய வங்கியில் பழைய ஆவணங்கள் அழிக்கப்படப் போவதைப் பார்த்து அவற்றை எடுத்து வெளியே கொடுத்தார். அதே ஆண்டு கேட்பாரற்ற கணக்குகளின் பெயர்ப் பட்டியலை வங்கிகள் பத்திரிகைகளில் வெளியிட்டன. 1998இல் பெரிய ஸ்விஸ் வங்கிகள் 125 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. பால் வோல்க்கர் தலைமையிலான குழு 1999இல் கொடுத்த அறிக்கையில், கொல்லப்பட்டவர்களோடு தொடர்பு இருக்கக்கூடிய சுமார் 54,000 கணக்குகள் கண்டறியப்பட்டன.

இன்னொரு சம்பவம் அவ்வளவாக வெளியே பேசப்படாதது. 1970களில் டாலர் சரிந்துகொண்டிருந்தது. உலகப் பணக்காரர்கள் எல்லோரும் ஸ்விஸ் ஃப்ராங்குக்கு ஓடினார்கள். ஃப்ராங்கின் மதிப்பு ஏறியது. ஸ்விஸ் கடிகாரமும் இயந்திரமும் வெளிநாட்டில் விலை ஏறி விற்காமல் போயின. உள்ளூர்த் தொழிலாளிக்கு வேலை போகும் நிலை. ஸ்விஸ் அரசு என்ன செய்தது? வெளிநாட்டவரின் டெபாசிட்டுக்கு வட்டியை நிறுத்தியது. அதுவும் போதாமல், புதிதாகக் கூடும் ஃப்ராங்க் டெபாசிட்டுக்குத் தண்டக் கட்டணம் போட்டது. 1978இல் அது காலாண்டுக்கு 10 சதவீதம்!

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 ஃப்ராங்க் போட்டால் மூன்று மாதத்தில் 90. ஆறு மாதத்தில் 81. ஒன்பது மாதத்தில் 72.90. ஒரு வருஷத்தில் 65.61. பணத்தைப் பாதுகாப்பாக வைக்கப் போனவர், மூன்றில் ஒரு பங்கை வாடகையாகக் கொடுத்துவிட்டு வர வேண்டும். இந்தக் கட்டணம் உள்ளூர்க்காரருக்குக் கிடையாது, வெளிநாட்டவருக்கு மட்டும். 1979இல்தான் நீக்கினார்கள்.

பர்மா துப்பாக்கியைக் காட்டிச் செய்தது. ஸ்விட்சர்லாந்து சுற்றறிக்கை போட்டுச் செய்தது. இரண்டும் ஒன்று என்று சொல்ல முடியாது, சேதத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆனால் பாடம் ஒன்றுதான். சொந்த ஜனத்துக்கும் வெளியாள் பணத்துக்கும் இடையில் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் வந்தால், எந்த நாடும் சொந்த ஜனத்தைத்தான் பார்க்கும். வெளியாளுக்கு அங்கே ஓட்டு கிடையாதே!

இங்கிருந்து போன பணம்

இந்தியாவிலிருந்து பணம் ஏன் ஓடியது? 1939இல் உலகப் போர் தொடங்கியதும் வந்த அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, 1947இல் தனிச் சட்டமானது. 1973இல் ஃபெரா என்ற கடுமையான சட்டம் வந்தது. ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் கணக்கு வைத்திருப்பது குற்றம். இன்னொரு பக்கம் வருமான வரி. 1970களின் தொடக்கத்தில் உச்ச விகிதம், சர்சார்ஜ் எல்லாம் சேர்த்து 97.75 சதவீதம். நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் மிச்சம்!

இதனால் என்ன ஆனது? ஏற்றுமதி பில்லில் விலையைக் குறைத்துக் காட்டி, வித்தியாசத்தை வெளிநாட்டில் வாங்கிக்கொண்டார்கள். இறக்குமதி பில்லில் விலையைக் கூட்டிக் காட்டினார்கள். இன்வாய்ஸ் பாடம் படிக்கும் மாணவர்களுக்கு இது பரீட்சையில் வராது, ஆனால் நிஜத்தில் நடந்தது. செட்டியார்கள் காலத்தில் கௌரவமான வங்கிப் பத்திரமாக இருந்த உண்டியல் என்ற சொல், பிற்காலத்தில் சட்டத்துக்குப் புறம்பாகப் பணம் அனுப்பும் தொழிலுக்குப் பெயராகிப் போனது. சொல் அதேதான். நடுவில் எல்லைகளும் சட்டங்களும் வந்துவிட்டன.

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் இந்தியாவும் வெளியாள் பணத்துக்குக் கதவு திறந்தது. 1970இல் என்.ஆர்.இ. ரூபாய்க் கணக்கு. 1975இல் வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்துக்கொள்ளும் எஃப்.சி.என்.ஆர். கணக்கு. பணத்தைத் திருப்பி எடுத்துப் போகலாம், வட்டிக்கு இங்கே வரி இல்லை. வளைகுடாவில் எண்ணெய் விலை ஏறி ஆள் தேவைப்பட்ட நேரம் அது. நம் ஊர் ஆட்களின் சம்பாத்தியம் இந்த வழியாகத்தான் வந்தது.

1990-91 நெருக்கடியில் இதன் மறுபக்கமும் தெரிந்தது. குவைத் போர், அரசியல் குழப்பம். நாடு திவாலாகிவிடுமோ என்ற பயத்தில் வெளிநாடு வாழ் இந்தியர்களின் டெபாசிட் வெளியே போக ஆரம்பித்தது. கையில் டாலர் இல்லை. 1991 மே மாதத்தில் 20 டன் தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு ஒரு வங்கியிடம் விற்றார்கள். எந்த வங்கி? யூனியன் பேங்க் ஆஃப் ஸ்விட்சர்லாந்து! ஜூலையில் சுமார் 47 டன் தங்கம் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடமானம் போனது. நம் நாட்டுப் பணக்காரர் சிலரின் ரகசியக் கணக்கு எந்த ஊரில் இருந்ததோ, அந்த ஊர் வங்கியிடமே நாட்டின் தங்கமும் போய் நின்றது.

கதவு திறந்த கதை

ரகசியத்தின் முடிவு 2008இல் ஆரம்பித்தது. லீக்டன்ஸ்டைன் நாட்டின் எல்.ஜி.டி. வங்கியில் வேலை பார்த்த ஹைன்ரிச் கீபர் என்பவர் வாடிக்கையாளர் விவரங்களை எடுத்து ஜெர்மனிக்கு விற்றார். 2008 பிப்ரவரியில் ஜெர்மன் அஞ்சல் நிறுவனத்தின் தலைவர் வீட்டிலேயே சோதனை. அந்தப் பட்டியலில் இருந்த இந்தியப் பெயர்களை ஜெர்மனி 2009இல் இந்தியாவிடம் கொடுத்தது. ஹெச்.எஸ்.பி.சி. வங்கியின் ஜெனீவா பிரிவில் வேலை பார்த்த ஹெர்வே ஃபல்சியானி எடுத்த விவரங்கள் பிரான்ஸ் கைக்குப் போய், அதில் 628 இந்தியப் பெயர்கள் 2011இல் டெல்லிக்கு வந்தன. இதற்கு நடுவே அமெரிக்கா 2009இல் யூ.பி.எஸ். வங்கியை மடக்கி 78 கோடி டாலர் அபராதத்தோடு ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களின் பெயர்களையும் வாங்கியது. 1741இல் தொடங்கிய வெகெலின் என்ற மிகப் பழைய ஸ்விஸ் வங்கி, 2013இல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கடையைக் கட்டியது.

இங்கே ராம் ஜெத்மலானி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜூலையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொன்னது. குழு 2014இல் அமைந்தது. 2015இல் கறுப்புப் பணச் சட்டம் வந்தது. வெளிநாட்டில் மறைத்த சொத்துக்கு 30 சதவீதம் வரி, அதன் மேல் வரியைப் போல மூன்று மடங்கு அபராதம். ஆக மொத்தம் சொத்தை விட அதிகம்!

கடைசி ஆணி 2019 செப்டம்பரில். அந்த மாதம் முதல், ஸ்விட்சர்லாந்து தன்னிடம் கணக்கு வைத்திருக்கும் இந்தியாவாசிகளின் விவரத்தை வருஷா வருஷம் தானாகவே இந்திய வருமான வரித் துறைக்கு அனுப்பத் தொடங்கியது. 1856இல் தொடங்கிய கிரெடிட் ஸ்விஸ் என்ற மாபெரும் வங்கி 2023இல் நொடித்து, யூ.பி.எஸ். கைக்குப் போனது தனிக் கதை. அதாவது ரகசியமும் போச்சு, "ஸ்விஸ் வங்கி விழாது" என்ற பேச்சும் போச்சு.

இன்று கணக்கு திறக்க முடியுமா?

முடியும், தாராளமாக. வெளிநாட்டில் கணக்கு வைத்திருப்பது தன்னளவில் குற்றமில்லை. ஃபெரா போய் ஃபெமா 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் குடியிருப்பவர்கூட வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்று 2004இல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அப்போது 25,000 டாலர். 2015 முதல் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர். வெளிநாட்டில் வாழ்ந்தபோது சம்பாதித்துச் சேர்த்ததை, ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்திருக்க ஃபெமாவின் 6(4) பிரிவு இடம் கொடுக்கிறது.

தனியார் வங்கியில் கணக்கு திறக்க லட்சங்களில், பல இடங்களில் பத்து லட்சம் டாலர் அளவில், குறைந்தபட்சத் தொகை எதிர்பார்ப்பார்கள். பாஸ்போர்ட் மட்டும் காட்டினால் வேலை நடக்காது. மூன்று கேள்விகளுக்குக் காகிதத்தில் பதில் வேண்டும். பணம் எப்படி வந்தது? உண்மையான உரிமையாளர் யார்? எந்த நாட்டில் வரி கட்டுகிறவர்? இந்த மூன்றாவது கேள்விக்குக் கொடுக்கும் பதில்தான் தானாகவே அந்த நாட்டு வரித் துறைக்குப் போகிறது. இந்தியாவில் குடியிருப்பவரானால், வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான பட்டியலிலும் அதைக் காட்ட வேண்டும்.

ஆக, 1934இல் விற்கப்பட்ட சரக்கு ரகசியம். இன்று விற்கப்படுவது சேவை மட்டும்.

அரும்பாவூருக்கு என்ன?

கோடீஸ்வரர்கள் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். துபாயில் கம்பி கட்டுகிறவரை மறுபடி நினைத்துப் பாருங்கள். அங்கே அவருடைய சம்பளக் கணக்கு பெரும்பாலும் கம்பெனி ஏற்பாடு. 2009இல் அமீரகம் கொண்டுவந்த சம்பளப் பாதுகாப்பு முறைப்படி சம்பளம் வங்கி வழியாகவோ அட்டை வழியாகவோதான் வர வேண்டும். விசா இருக்கும் வரைதான் அந்தக் கணக்குக்கு மரியாதை. ஊரில் ஒரு என்.ஆர்.இ. கணக்கு. அதன் பாஸ்புக் எங்கே, அங்கே சேமிப்பு எவ்வளவு, இங்கே நாமினி யார்? பல வீடுகளில் மனைவிக்குத் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. "வந்து சொல்லிக்கலாம்" என்று விட்டிருப்பார்கள்.

சாலை விபத்தோ மாரடைப்போ வந்துவிட்டால்? சூரிச் வங்கி வாசலில் நின்ற அந்தப் பிள்ளைகளின் நிலைமைதான் இங்கேயும். அளவுதான் வேறு. இந்தியாவில் 10 வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட், 2014 முதல் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றப்படுகிறது. பணம் தொலைந்துவிடாது, உரியவர் வந்தால் கிடைக்கும். ஆனால் எந்த வங்கி என்றே தெரியாதவர் எங்கே போய்க் கேட்பார்? அதற்காகவே 2023இல் உத்கம் என்ற தேடும் வசதியை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினி என்றால் பணத்தை வாங்கி உரிய வாரிசுகளிடம் சேர்ப்பவர், அவரே முழுச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரங்கூனில் எல்லை மாறியது. சூரிச்சில் சட்டம் மாறியது. இந்தியாவின் தங்கம் அடமானம் போனது. குடியிருக்காத நாட்டில் பணம் வைப்பவர் யாராக இருந்தாலும், செட்டியார் ஆனாலும் சீமான் ஆனாலும், அந்த நாட்டின் விருந்தாளிதான். விருந்தாளிக்கு மரியாதை உண்டு, உரிமை கிடையாது. கோடி வைத்திருப்பவர் வக்கீலையும் ஆடிட்டரையும் வைத்துச் சமாளித்துக்கொள்வார். அடுத்த மாதம் திருச்சியில் ஃப்ளைட் ஏறப்போகும் அண்ணனுக்கு அது முடியாது. அவரிடம் வீட்டில் யாராவது, சூட்கேஸ் கட்டுவதற்கு முன்னால், ஒரு வெள்ளைத்தாளில் கணக்கு எண்ணும் வங்கிக் கிளையும் நாமினி பெயரும் எழுதி வாங்கி பீரோவில் வைத்துக்கொள்ளட்டும்.